தயிர் டப்பாவில் நாற்று: வீட்டில் வீணாகும் டப்பாக்களில் விதை முளைக்க வைப்பது

விதைக்குத் தான் கிடப்பது தயிர் டப்பாவிலா, காசு கொடுத்து வாங்கிய நாற்றுக் குழித்தட்டிலா என்று தெரியாது. அதற்கு வேண்டியது மூன்று. ஈரம் சட்டென்று காயக்கூடாது, அதிகப்படி நீர் தேங்கக்கூடாது, வேர் இறங்க ஆழம் இருக்கவேண்டும். வீட்டில் சேரும் டப்பாக்களில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்பதற்கும் இதுவே அளவுகோல்.

எந்த டப்பா எதற்கு?

100 முதல் 200 கிராம் பிடிக்கும் தயிர் டப்பாவுக்கும் ஐஸ்கிரீம் கப்புக்கும்தான் முதலிடம். 6–8 செ.மீ. ஆழம் கிடைக்கும், பக்கவாட்டில் ஈரம் கசியாது, மேலே அகன்று கீழே குறுகியிருப்பதால் கவிழ்த்துத் தட்டினால் மண்கட்டி உடையாமல் வந்துவிடும். தக்காளி, கத்திரி, மிளகாய் நாற்றுகள் நான்கைந்து வாரம் வரை இதிலேயே இருக்கலாம்.

பூசணி, சுரை, பாகல், வெள்ளரி போன்ற கொடிகளுக்கு வேரை அசைத்தால் பிடிக்காது. இவற்றுக்கு அரை லிட்டர் பால் கவர் நல்லது. மேல்பக்கத்தைச் சீராக வெட்டி, கழுவி, மண் நிரப்பிக்கொள்ளுங்கள். நடும்போது கவரைப் பக்கவாட்டில் கிழித்தால் போதும், வேருக்குத் தெரியவே தெரியாது. தனியாக நிற்காமல் சாயும் என்பதால் பழைய கூடையிலோ தட்டிலோ நெருக்கி அடுக்கி வையுங்கள்.

குளிர்பானம், குடிநீர் வரும் பிளாஸ்டிக் (PET) பாட்டிலின் அடிப்பாகத்தை 8–10 செ.மீ. உயரத்துக்கு வெட்டினால் தொட்டி. மிச்சமுள்ள மேல்பாகத்தை அதன்மேல் கவிழ்த்தால் ஈரம் காக்கும் கூண்டு, காற்று வேண்டும்போது பாட்டில் மூடியைத் திறந்துவிடலாம். ஒரே குறை, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டு மண்ணில் பாசி படரும். வெளியே ஒரு காகிதத்தைச் சுற்றிவிட்டால் தீர்ந்தது.

முட்டை அட்டை படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு குழியில் ஓரிரண்டு மேசைக்கரண்டி மண்தான் பிடிக்கும். போதாததற்கு அட்டை நாலாபக்கமும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். காலையில் ஊற்றிய நீர் வெயில் நாளில் மாலைவரை நிற்காது. முட்டை ஓட்டுக்கும் இதே கதைதான். முளைக்கவைக்க மட்டும் பயன்படுத்தி, முளைத்த ஏழு முதல் பத்து நாளில் வேறு டப்பாவுக்கு மாற்றுவதாக இருந்தால் சரி.

டிஷ்யூ பேப்பர் சுருளின் நடுக்குழாய் முட்டை அட்டையைவிட எவ்வளவோ மேல். ஒரு முனையில் 2 செ.மீ. நீளத்துக்கு நான்கு வெட்டுப் போட்டு, பெட்டி மூடுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தால் அடிப்பாகம் தயார். குழாய்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி நின்றால்தான் ஈரம் நிற்கும். காகிதத்தின்மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்படவேண்டாம். அது காகிதத்தைத் தின்னுவது, நாற்றைத் தின்னாது.

தகர டப்பா வெயிலில் சூடேறி வேரை வாட்டும், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். நிழலில் வைப்பதானால் மட்டும் பயன்படுத்துங்கள். பூச்சிமருந்து, பெயின்ட், எஞ்சின் ஆயில், கழிவறை கழுவும் திரவம் இருந்த எதுவும் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

ஓட்டை போடுவது

தயிர் கப் அளவுக்கு 5–6 மி.மீ. விட்டத்தில் நான்கு ஓட்டை போதும். நடுவில் ஒன்று, மற்ற மூன்றும் அடிப்பாகம் சுவரோடு சேரும் ஓரத்தில். பல டப்பாக்களின் அடி உள்பக்கமாக மேடாக இருக்கும். நடுவில் மட்டும் ஓட்டை போட்டால் ஓரத்தில் நீர் தேங்கிவிடும். நொறுங்கும் பிளாஸ்டிக்கைக் குத்தினால் கீறல் விட்டு முழு டப்பாவும் போய்விடும். அதற்கு ஆணியை இடுக்கியில் பிடித்துச் சூடாக்கி அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்தப் புகை நல்லதல்ல.

நீர் வடிவதற்காக அடியில் கூழாங்கல் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது எதிர்மாறான வேலையைச் செய்யும். மண்ணின் நுண்துளைகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கீழே கல்லுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளிக்குள் அந்த நீர் எளிதில் இறங்காது, மண் நிறைய ஊறிய பிறகுதான் சொட்டும். கல் போட்டாலும் போடாவிட்டாலும் மண்ணின் அடியில் ஓர் ஈர அடுக்கு நிற்கத்தான் செய்யும். கல் போட்டால் அந்த அடுக்கு வேருக்கு அருகே மேலேறி வந்துவிடும். 7 செ.மீ. டப்பாவில் 2 செ.மீ. கல்லுக்குக் கொடுப்பது நட்டக் கணக்கு. மண் ஓட்டை வழியே கொட்டுகிறது என்றால் ஒரு துண்டு செய்தித்தாள் போதும்.

ஓட்டை போட்டபின் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஏற்கெனவே நாற்று வளர்த்த டப்பாவானால், ஒரு பங்கு வீட்டு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். பிளீச்சோடு வேறு எந்தச் சுத்தப்படுத்தும் திரவமும் சேரக்கூடாது, நச்சுவாயு வரும்.

மண்கலவை

தோட்டத்து மண்ணை அப்படியே நிரப்பாதீர்கள். சிறிய டப்பாவில் அது இறுகிக் களிமண் பாளமாகிவிடும், நோய்க்கிருமியும் கூடவே வரும். கழுவிய தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. இதுவே போதும். கலவை கனமாகத் தோன்றினால் அரைப் பங்கு பெர்லைட்டோ (எடையில்லாத வெள்ளைக் கல்துகள்) கரடுமுரடான மணலோ சேர்க்கலாம். நார்த்தூள் கழுவப்படாததாக இருந்தால் நீரில் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். அதிலுள்ள உப்பு இளம் வேரைக் கருக்கும்.

கலவையை டப்பாவில் போடுவதற்கு முன்பே நனைத்துவிடவேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழுவது சரியான பதம். ஒழுகினால் அதிகம், உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் குறைவு. டப்பாவை விளிம்புக்கு 1 செ.மீ. கீழ்வரை நிரப்பி, தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். கையால் அமுக்கவேண்டாம்.

விதைப்பு

விதையின் அகலத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆழம். தக்காளி, கத்திரி, மிளகாய்க்கு அரை செ.மீ., பூசணி, சுரைக்கு 2 செ.மீ. சாலட்டில் போடும் லெட்யூஸ் கீரைக்கு முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால் மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். ஒரு கப்புக்கு இரண்டு விதை போட்டு, முளைத்தபின் இளைத்ததைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் ஆடிப்போகும்.

கேரட், முள்ளங்கி இரண்டையும் டப்பாவில் தொடங்கவே வேண்டாம். ஆணிவேர் கொஞ்சம் வளைந்தாலும் கிழங்கு கோணலாகும், நிலத்திலேயே விதையுங்கள்.

பழைய விதை என்றால் சோதித்துவிடுவது நல்லது. ஈரத் துணியில் பத்து விதையை மடித்து, ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். பத்தில் ஐந்துதான் முளைத்தது என்றால் கப்புக்கு மூன்று நான்காகப் போடலாம். வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு, ஓராண்டு தாண்டினாலே சந்தேகம்தான். தக்காளி, வெள்ளரி நன்றாக வைத்திருந்தால் நான்கைந்து ஆண்டு தாங்கும்.

தயிர் டப்பா ஒன்றை நீளவாக்கில் கீறினால் பெயர்ச்சீட்டு. மார்க்கர் வெயிலில் வெளிறும், பென்சில் எழுத்து நிற்கும்.

முளைக்கும்வரையும் அதன்பிறகும்

25–30 டிகிரி செல்சியஸில் தக்காளி 5–8 நாளிலும், வெள்ளரி 3–6 நாளிலும் தலைகாட்டும். மிளகாய் இரண்டு வாரம்கூட எடுக்கும், அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்காதீர்கள். இந்த நாட்களில் டப்பாவைத் தெளிவான மூடியால் மூடி, நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடிய டப்பா வெயிலில் பட்டால் ஒரு மணி நேரத்தில் உள்ளே விதை வெந்துவிடும்.

முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டுவிடும், அதை மறுபடி குட்டையாக்க வழியில்லை. ஜன்னலோரம் என்றால் டப்பாவைத் தினமும் அரைச்சுற்று திருப்பவேண்டும். சாதாரண டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்ப்பதானால் விளக்கு நாற்றின் தலைக்கு மேல் 5–10 செ.மீ. உயரத்தில், நாளுக்கு 14–16 மணி நேரம்.

நீரைக் கீழிருந்து கொடுப்பதே நல்லது. ஒரு தட்டில் 1–2 செ.மீ. நீர் ஊற்றி அதில் டப்பாக்களை நிறுத்துங்கள். மேல்மண் நிறம் கறுத்ததும், சுமார் 15–20 நிமிடத்தில், எடுத்து வடியவிடுங்கள். தட்டிலேயே விட்டுவைத்தால் ஓட்டை போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். அடுத்து எப்போது ஊற்றுவது? டப்பாவைத் தூக்கிப் பாருங்கள். ஈரமானதற்கும் காய்ந்ததற்கும் உள்ள எடை வித்தியாசம் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று தண்டு மண்மட்டத்தில் இற்று விழுந்துகிடந்தால் அது நாற்றழுகல். மண்ணில் வாழும் பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகளின் வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் கப்பை மண்ணோடு அப்புறப்படுத்தி, மற்றவற்றுக்கு நீரைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். மேல்மண்ணில் பச்சைப் பாசியும், கொசுபோன்ற சின்னக் கறுப்பு ஈக்களும் சொல்வதும் அதையேதான்: ஈரம் அதிகம். விதைத்தோல் தொப்பிபோல் இலையில் சிக்கியிருந்தால் ஆழம் போதவில்லை அல்லது காற்று வறண்டிருந்தது. ஒரு சொட்டு நீர் வைத்து ஊறவிட்டு, சில மணி நேரம் கழித்து மெல்ல உருவிப் பாருங்கள். பிடிவாதமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இடம் மாற்றுதல்

முதலில் வரும் இரண்டும் விதையிலைகள். அவற்றுக்குப்பின் இரண்டு ஜோடி நிஜ இலை வந்ததும் நாற்று மாற்றத்துக்குத் தயார். அதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் வெயிலுக்குப் பழக்கவேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு இளங்காலை வெயில், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டுங்கள். இதைத் தவிர்த்தால் இலை வெள்ளைவெள்ளையாகக் கருகும்.

மாற்றும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடியே போயிற்று. தக்காளியை விதையிலை மட்டம் வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர்விடும். கொடிகளை அதே ஆழத்தில் வையுங்கள். காகிதக்குழாயோடு நடுவதானால், மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைக் கிழித்தெறியுங்கள். வெளியே தெரியும் காகிதம் விளக்குத்திரிபோல் அடியிலுள்ள ஈரத்தை இழுத்து ஆவியாக்கிவிடும். சுற்றிலும் ஈரமண் இருந்தும் நாற்று வாடுவதற்குப் பலமுறை இதுவே காரணம். குழாயின் அடி மடிப்பையும் நடும்போது பிரித்துவிடுங்கள். மாலையில் நட்டு, உடனே வேர்ப்பகுதி நனையும்படி நீர் ஊற்றி, மூன்று நான்கு நாள் மதிய வெயில் படாமல் மறைப்புக் கொடுங்கள்.