கன்வெர்டிபிள் காரில் குழந்தை சீட் பொருத்த எளிய வழி

கன்வெர்டிபிள் காரின் (கூரையைத் திறந்து மூடக்கூடிய கார்) பின்சீட்டில் குழந்தை சீட்டை மாட்டும்போது கூரையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும், கூரையை ஒருமுறை மெதுவாக முழுக்க மூடிப் பாருங்கள்.

கூரை திறந்திருந்தால் மேலிருந்து நேராக முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுக்க முடியும். இரண்டு கதவு கார்களில் முன்சீட்டைச் சாய்த்து இடுக்கில் நுழைந்து மாட்டினால் பெரும்பாலும் தளர்வாகத்தான் நிற்கும். பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. மூடிப் பார்ப்பது எதற்கு என்றால், குழந்தை சீட்டின் உயரமான தலைப்பகுதி, மடியும் கூரைச் சட்டத்தில் இடிக்கலாம். பின்சீட்டுக்குப் பின்னால் விபத்தில் தானாக எழும் பாதுகாப்புக் கம்பி உள்ள கார் என்றால், அதன் வழியைச் சீட் மறைக்கிறதா என்று கார்க் கையேட்டில் கட்டாயம் பாருங்கள்.

மேல் பட்டை (சீட்டின் உச்சியைக் காரோடு இழுத்துக் கட்டும் பட்டை) தேவைப்படும் சீட்டுக்கு, காரில் அதற்கான கொக்கி இல்லையென்றால் இந்த வழி உதவாது. வேறு சீட்தான் வாங்க வேண்டும். இரண்டே இருக்கை கொண்ட காரில், பின்னோக்கி அமரும் சீட்டை இயங்கும் ஏர்பேக்கின் முன் ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக்கை அணைக்க வழி இல்லாவிட்டால் கைக்குழந்தைக்கு அந்தக் கார் வேண்டாம். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை சீட் கட்டாயம். கூரை திறந்திருந்தாலும் அதே விதிதான்.

வெயிலில் நிறுத்தினால் பக்கிள் மேல் வெள்ளைத் துண்டைப் போடுங்கள். சூடான உலோகம் பிஞ்சுத் தோலைச் சுட்டுவிடும்.