கோயில்ல பாம்பு சிலை பார்த்தா அது எந்த நாகம்னு கண்டுபிடிக்கிறது எப்படி

கடலூர் பக்கம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு பாம்பு சிலையாவது கண்ணுல படும், உடனே ராகு கேதுன்னு சொல்லி மஞ்சள் குங்குமம் வெச்சுட்டு நகர்ந்துடறாங்க, எனக்கு அது மனசுக்கு ஆகவே ஆகாது, ஏன்னா ஒவ்வொரு நாகத்துக்கும் தனிக் கதை இருக்கு. தலை எத்தனைன்னு எண்ணிட்டு நிக்காதீங்க, அது சிலைக்கு சிலை மாறும். பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாருங்க.

பெருமாள் படுத்திருந்தா ஆதிசேஷன். நாகங்களோட தாய் கத்ருவோட பிள்ளைங்கள்ல மூத்தவரு, தம்பிங்க போக்கு பிடிக்காம தவத்துக்குப் போனவரு, பிரம்மா சொல்லித்தான் பூமியைத் தாங்குறாரு. சிவன் கழுத்துல கிடந்தா வாசுகி, பாற்கடலைக் கடைய தேவரும் அசுரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கிற கயிறும் அவருதான், நடுவுல மந்தர மலை, அடியில ஆமை இருக்கான்னு பாருங்க. கண்ணன் தலை மேல ஏறி ஆடினா காளியன்.

ஆதிசேஷனைத் தெரிஞ்சுக்கணும்னா கடலூர் பக்கத்துல இருக்கிற திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போங்க. பெருமாளுக்குத் தாகம் எடுத்தப்போ தண்ணி கொண்டுவரப் போன கருடன் வர லேட் ஆச்சாம், அதுக்குள்ள ஆதிசேஷன் வாலால பூமியை அடிச்சு தண்ணி வரவெச்சுட்டாராம், அதுதான் சேஷ தீர்த்தம், இன்னைக்கும் ஜனங்க வேண்டிக்கிட்டு அதுல உப்பு, மிளகு, வெல்லம் போடறாங்க, கருடன் கொண்டுவந்த தண்ணிதான் கெடிலம் ஆறுன்னு சொல்லுவாங்க.

நிறைய பேரு குழம்புறது சிதம்பரத்துல. இடுப்புக்கு மேல மனுஷன், கீழே பாம்புச் சுருள், கை கூப்பி நிக்கிறவரைப் பார்த்து நாககன்னின்னு சொல்றாங்க, இல்லீங்க, அவரு பதஞ்சலி முனிவர், நடராஜர் ஆட்டத்தைப் பார்க்கிறதுக்காக ஆதிசேஷனே எடுத்த பிறவி. உறுதி பண்ணணும்னா கூட நிக்கிறவரோட காலைப் பாருங்க, புலிக்கால்னா வியாக்ரபாதர் முனிவர்.

அரசும் வேம்பும் சேர்ந்த இடத்துல ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு இருக்கிற கல்லுல பேர் தேட வேணாம், அதெல்லாம் பிள்ளை வரம் வேண்டி வெச்ச நாகக்கல்லு. மஞ்சள், பால் எல்லாம் கல்லோட இருக்கட்டும், நிஜப் பாம்புக்கு பால் ஆகாது, தயவுசெஞ்சு வெக்காதீங்க.

ராகு கேதுவை நவக்கிரகத்துல மட்டும் தேடுங்க. அவங்க கத்ரு பிள்ளைங்களே இல்ல, அமிர்தத்தைத் திருட்டுத்தனமா குடிச்சு தலை வேற உடம்பு வேறயா ஆன ஸ்வர்பானுங்கிற அசுரன்.