காதுக்குள்ள அமைப்பு மாறியிருக்குற புள்ளைக்கு கொக்லியர் இம்ப்ளான்ட்: நாங்க பண்ணின தப்ப நீங்களும் பண்ணாதீங்க

ஸ்கேன பாத்துட்டு டொக்டர் கிளினிக் கொப்பி பின்பக்கத்துல ஒரு நத்தை வரைஞ்சாரு. உள்காதுல நத்தை மாதிரி சுருண்ட இந்தக் குழாய் எல்லாருக்கும் ரெண்டரை சுத்து இருக்குமாம், எங்க மகளுக்கு ஒன்றரைதான், 1791லயே மொண்டினின்னு ஒரு இத்தாலி டொக்டர் எழுதி வச்சதால இந்தக் குறைக்கு அவரு பேரையே வச்சுட்டாங்களாம். கேக்குற நரம்புக்கு நேரா கரண்டு குடுத்து கேக்க வைக்குற மெஷின்தான் கொக்லியர் இம்ப்ளான்ட், அதோட வயர ஒபரேஷன் பண்ணி இந்த நத்தைக்குள்ள விடுவாங்க. நாங்க நல்லா தலையாட்டிட்டு கேட்ட முதல் கேள்வி, "மெஷின் எவ்வளவு சேர்?"

அதுதாங்க முதல் தப்பு. காசுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, கேக்குற நரம்பு இருக்கா, எவ்வளவு தடிப்பா இருக்குன்னு. சீ.டி. ஸ்கேன்ல எலும்பு நல்லா தெரியும், நரம்ப பாக்க எம்.ஆர்.ஐ. வேணும். ஹட்டன்லருந்து கண்டிக்கு ஒருக்கா போய்ட்டு வந்தா ரெண்டு பேருக்கும் அன்னைக்கு தோட்டத்துல பேர் விழாது, சம்பளம் இல்ல, அதனால ஒரு ஸ்கேனோட முடிச்சுக்கலாம்னு தோணும், எங்களுக்கும் தோணுச்சு, ஆனா நத்தையே உருவாகலன்னா இம்ப்ளான்ட் வைக்க எடமே இல்ல, அத முன்னாடியே தெரிஞ்சுக்கணும்ல. அதுக்காக "காது கோணலாம், ஒண்ணும் செய்ய ஏலாது"ன்னு லயத்துல சொல்றத கேட்டு கைய விட்றாதீங்க, ஒன்றரை சுத்து உள்ள எத்தனையோ புள்ளைங்க இம்ப்ளான்ட் வச்சு கேட்டு பேசுதுங்க.

மூளைக்காய்ச்சல் வந்து கேக்காம போனதுன்னா கதையே வேற. நத்தைக்குள்ள எலும்பு வளர்ந்து அடைக்க ஆரம்பிச்சுரும், சில பேருக்கு சில கிழமையிலயே, அப்புறம் இம்ப்ளான்ட் வயரு உள்ள போகாது. திருவிழா முடியட்டும், தீபாவளி முற்பணம் வரட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

காதுல சீழ் வடிஞ்சா பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்துறத நிப்பாட்டுங்க, காது காயாம இம்ப்ளான்ட் வைக்க மாட்டாங்க.

இனி சொல்றதுதான் நான் பயந்தது. இந்த மாதிரி காதுல நத்தைக்கும் மூளைய சுத்தி இருக்குற தண்ணிக்கும் நடுவுல தடுப்பு சரியா இருக்காது, ஒபரேஷன்ல ஓட்டை போட்ட ஒடனே தண்ணி பீச்சிக்கிட்டு வரலாம், டொக்டர்மார் அத அடைச்சுருவாங்க. ஆனா வீட்டுக்கு வந்த பிறகும் கசியலாம், அது காதுலருந்து தொண்டைப் பக்கம் போற குழாய் வழியா மூக்குல சொட்டும். நம்ம ஊரு குளிருல எந்த புள்ளைக்கு மூக்கு ஒழுகல சொல்லுங்க? தடிமன்னு நெனச்சு கொத்தமல்லி அவிச்சு குடுத்துட்டு இருப்போம். குனியும்போது பச்சத்தண்ணி மாதிரி சொட்டுனா, அதுவும் ஒரு பக்க மூக்குல மட்டும்னா, கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, கிருமி அதே வழியா மேல ஏறி மூளைக்காய்ச்சல் ஆக்கிரும். அதுக்குத்தான் மூளைக்காய்ச்சல் வராம தடுக்குற நியூமோகொக்கல் ஊசி ஒபரேஷனுக்கு முன்னாடியே போடச் சொல்றாங்க, காய்ச்சல் வருமேன்னு அத தவிர்க்காதீங்க.

முகத்து நரம்பும் இந்த காதுங்கள்ல எடம் மாறி ஓடலாம், ஒபரேஷன் நேரம் அந்த நரம்ப பாத்துக்குற மொனிட்டர் வைப்பீங்களான்னு கேக்குறதுல வெக்கமே வேணாம்.

மெஷின் ஓன் பண்ணினப்போ மகளுக்கு சத்தம் வர்றப்பலாம் அந்தப் பக்க கண்ணு துடிச்சுச்சு, நாங்க பயந்து மெஷின கழட்டி ஒரு கிழமை அலுமாரில வச்சுட்டோம், மாமியா மொளகா சுத்திப் போட்டாங்க. கரண்டு பக்கத்துல உள்ள முகத்து நரம்புக்கும் போகுதாம், மெஷின செட் பண்ற ஓடியோலஜிஸ்ட் மிஸ் கம்பியூட்டர்ல ரெண்டு எலக்ட்ரோட்ட, அதாவது வயருல கரண்டு குடுக்குற புள்ளிய, ஓஃப் பண்ணினாங்க, துடிப்பு நின்னுருச்சு. மாமியா இன்னும் மொளகாதான்னு சொல்றாங்க.