கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் திரும்ப ஏற்றுவது எப்படி?

ஆனி, ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டால் போதும், எங்கள் பக்கத்தில் யாராவது ஒரு குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து "அண்ணாச்சி, இதுக்கு என்ன குடுக்கணும்?" என்று கேட்பார்கள். எதுவும் கொடுக்க வேண்டாம். பால் அதற்குச் செரிக்காது. தண்ணீரை அலகுக்குள் ஊற்றவே கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருப்பதால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். நாம் செய்ய வேண்டியது வளர்ப்பது இல்லை, தாயிடம் திரும்பச் சேர்ப்பது.

முதலில் அது விழுந்த குஞ்சுதானா என்று பாருங்கள். உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற மைனா, புல்புல் குஞ்சுகள் பறக்கப் பழகுகின்றன. தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, குஞ்சைத் தூக்கி ஒரு செடிமேல் வைத்தால் போதும். குளத்தங்கரைப் பொட்டலில் ஆள்காட்டிப் பறவையின் குஞ்சு கல்லோடு கல்லாக அசையாமல் படுத்திருக்கும், தலைக்கு மேலே தாய் கத்திக்கொண்டு சுற்றும். அதைத் தொடாமல் நீங்கள் நகர்ந்துவிடுங்கள், பொரித்த அன்றே நடக்கிற குஞ்சு அது, நீங்கள் நிற்பதுதான் அங்கே தொந்தரவு.

கண் திறக்காத, தோல் தெரிகிற குஞ்சு என்றால் எடுத்தே ஆக வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு, தைரியமாக எடுங்கள். உடம்பு சில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வெயிலில் கிடந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிழல்தான் வேண்டும், சூடு காட்டக் கூடாது. பழைய கூடு கைக்கு எட்டினால் அதிலேயே வைத்துவிடலாம், வேலை முடிந்தது.

கூடே சிதறிவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் நிறையப் பேருக்குத் தப்பாகிப் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்தப் பறவை என்று பார்த்துத்தான் மாற்றுக்கூடு கட்ட வேண்டும். புறா, புல்புல், காகம் போலத் திறந்த கூடு கட்டுகிறவற்றுக்குப் பனையோலைக் கொட்டான் (ஓலையில் முடைந்த சின்னக் கூடை) போல ஒன்று கிடையாது; காற்றும் போகும், மழைத்தண்ணீரும் வடிந்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவை நான் சேர்க்கவே மாட்டேன், நம் ஊர் வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். மைனா, கிளி, சின்ன ஆந்தை இவையெல்லாம் பொந்தில் வளர்கிறவை, இவற்றுக்குப் பதநீர் இறக்குகிற பழைய மண்கலயத்தைப் படுக்கைவாக்கில் கட்டுங்கள். கலயத்தின் உள்சுவரில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அதைச் சுரண்டித் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் குஞ்சை விட வேண்டும். அடியில் சின்னதாக ஒரு ஓட்டை போடுங்கள். வாய் கொஞ்சம் மேல்நோக்கி இருந்தால் குஞ்சு உருண்டு விழாது. காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் வாயைக் கிழக்குப் பார்த்து வைப்பது நல்லது.

உள்ளே காய்ந்த புல்லைப் போட்டு நடுவில் கையால் அழுத்திக் குழியாக்குங்கள். தட்டையாக, வழுக்குகிற தரையில் விட்டால் குஞ்சின் கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்றுபோய், பிறகு நிற்கவே வராது. குழியில் உட்கார்ந்தால் கால் தானாக உடம்புக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். பச்சைப் புல் ஈரம், வேண்டாம். பஞ்சு, நூல் எதுவும் வேண்டாம், நகத்தில் சுற்றிக்கொள்ளும்.

பழைய கூடு இருந்த மரத்திலேயே, முடிந்தவரை அதே உயரத்தில், நிழல் விழுகிற கிளையாகப் பார்த்துக் கட்டிவிட்டுத் தள்ளிப் போய் ஒரு மணி நேரமாவது கவனியுங்கள். தாய் வந்து ஊட்டிவிட்டுப் பறப்பது கண் சிமிட்டும் நேரம்தான், செல்போனைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தெரியாது. இருட்டிவிட்டால் ராத்திரி முழுக்க அட்டைப்பெட்டியில் மூடிவைத்து, விடிந்ததும் ஏற்றுங்கள். ஆந்தைக் குஞ்சை மட்டும் சாயங்காலமே ஏற்ற வேண்டும். அது அபசகுனம் என்று பையன்கள் கல் எறிய வருவார்கள், தயவுசெய்து தடுங்கள். வயலில் எலியைப் பிடிப்பது அதன் அப்பன் ஆத்தாள்தான்.

பூனை கவ்வின குஞ்சை மட்டும் கூட்டில் வைக்காதீர்கள். காயம் வெளியே தெரியாவிட்டாலும் பல் பட்ட இடத்தில் சீழ் பிடிக்கும், மருந்து இல்லாமல் பிழைக்காது. வனத்துறைக்குச் சொல்லுங்கள், அல்லது திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சு கீழே கிடந்தாலும் நீங்களாக மரமேற வேண்டாம். ஊர்க்காரர்களிடம் சொன்னாலே போதும், வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்ட விட்டு, தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர் அது. விழுந்த குஞ்சுகளை வைத்துப் பராமரிக்க அங்கே தனி இடமும் உண்டு. கிளிக்குஞ்சைப் பாவம் பார்த்துக் கூண்டில் போட்டு வளர்ப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்தான்.

பிற்சேர்க்கை: எறும்பு மொய்க்கிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். எறும்பு சாக்பீஸ் போடாதீர்கள், அது பூச்சிமருந்து. கொட்டானைக் கிளையில் சாய்த்து வைக்காமல் மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, கம்பியின் மேல்முனையில் மட்டும், இறகு படாத உயரத்தில், கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஏற்கெனவே மொய்த்திருந்தால் முதலில் குஞ்சின் கண்ணோரத்திலும் இறக்கைக்கு அடியிலும் இருக்கிற எறும்பை மெல்லிய துணியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பழைய புல்லைக் கொட்டிப் புதுப் புல் போட்டுத்தான் திரும்ப ஏற்ற வேண்டும்.