ஸ்ட்ராங்கான பெண் கேரக்டரா இல்லையா: வாக்குவாதத்தில் இறங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அனிமே, மங்கா (ஜப்பானிய அனிமேஷன், காமிக்ஸ்) ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடும் கேள்வி இது. முதலில் ஸ்பாய்லர் எச்சரிக்கை: ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், அட்டாக் ஆன் டைட்டன், நருட்டோ, நானா, ஜுஜுட்சு கைசென் எல்லாவற்றின் கதையும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அட்டாக் ஆன் டைட்டனின் மிகாசாவும் ஃபேரி டெய்லின் எர்ஸாவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று பவர் ஸ்கேலிங் (யாருக்குப் பலம் அதிகம் என்கிற ஒப்பீடு) பேசுவது ஜாலியான விஷயம்தான், நானும் விடிய விடியப் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு கேரக்டர் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. யாரை அடித்தாள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அவள் எடுத்த எந்த முடிவால் கதை திரும்பியது என்று தேடுங்கள். மற்ற கேள்வியெல்லாம் அப்புறம்.

மிகாசாவையே எடுத்துக்கொள்வோம். 104ஆவது பயிற்சிப் படையில் முதலிடம், உடம்பில் ஓடுவது அசாத்திய பலம் கொண்ட அக்கர்மன் குலத்தின் ரத்தம், கத்தி எடுத்தால் நிகர் கிடையாது. ஆனாலும் கதையின் பெரும்பகுதியில் நாயகன் எரன் பின்னாலேயேதான் ஓடுகிறாள், அதனால் "இவளுக்கென்று தனியாக என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2021-ல் மங்கா முடியும் நேரத்தில், 138ஆவது அத்தியாயத்தில், எரனைக் கொல்வது என்று முடிவெடுத்து அதைச் செய்பவள் அவனை எல்லோரையும்விட அதிகம் நேசித்த அவள்தான். அந்த ஒரு முடிவு போதுமா, அதற்கு இவ்வளவு தூரம் காத்திருக்க வைத்தது நியாயமா? சண்டை போடுவதென்றால் இதற்குப் போடுங்கள்.

எனக்கு இதில் அளவுகோல் ரைசா ஹாக்ஐதான். ஹிரோமு அராகாவா 2001 முதல் 2010 வரை எழுதிய ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டில், மேலோட்டமாகப் பார்த்தால் அவள் கர்னல் மஸ்டாங்கின் உதவியாளர், பாதுகாவலர், அவ்வளவுதான். கடைசிப் பகுதியில் வரும் அந்தச் சுரங்கக் காட்சியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். மஸ்டாங்கின் நண்பன் ஹியூஸைக் கொன்ற என்வி என்கிற எதிரி பிடிபட்டுவிட்டான், மஸ்டாங் பழிவெறியில் அவனைத் திரும்பத் திரும்ப எரிக்கிறான், கடைசியில் புழு மாதிரிச் சுருங்கிப்போனதை முடித்துவிடப் போகிறான். அப்போது பின்னாலிருந்து அவன் தலைக்கே துப்பாக்கியை நீட்டுகிறாள் ஹாக்ஐ. தடம் மாறினால் என்னைச் சுட்டுவிடு என்று அவளிடம் முன்பே சொல்லி வைத்தவனும் அவன்தான். என்னைச் சுட்டபிறகு நீ என்ன செய்வாய் என்று கேட்கிறான், தானும் உயிரோடு இருக்கப் போவதில்லை என்கிறாள். அவன் கையில் இருக்கும் அந்த நெருப்பு வித்தை அவளுடைய அப்பாவின் ஆராய்ச்சி, அவள் முதுகில் பச்சை குத்தப்பட்டிருந்தது, நம்பி அவனிடம் கொடுத்ததும் அவள்தான். அதனால் இது தன் கணக்கு என்று அவளுக்குத் தெரியும். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை, ஆனாலும் அந்தக் கதையில் மஸ்டாங்கின் விதி மாறுகிற இடம் அதுதான்.

அடுத்தது, பழியை யார் மேல் போடுவது? நருட்டோவின் சகுரா விஷயத்தில் ரசிகர்கள் தவறுவது இங்கேதான். மரணக் காடு என்கிற தேர்வுக் களத்தில் எதிரி முடியைப் பிடித்து இழுக்கும்போது தன் முடியைத் தானே அறுத்துக்கொண்டு எழுந்தவள், பிறகு சுனாடேயிடம் மருத்துவம் கற்றவள், சியோ பாட்டியோடு சேர்ந்து சாசோரி என்கிற எதிரியை வீழ்த்தியவள். அதற்கப்புறம் தொடர் அவளை நீண்ட நேரம் ஓரத்தில் நிற்க வைத்துவிட்டது. கதை முன்னால் கொடுத்த வாக்கை அது காப்பாற்றவில்லை என்றால் குற்றம் எழுதியவருடையது, அதற்காக அவளை "வேஸ்ட்" என்று திட்டுவது என்ன நியாயம்? கூடவே ஆளை மாற்றியும் பாருங்கள். அண்ணன்மேல் உள்ள வெறியில் ஊரையே விட்டுப் போன சாசுகே ஆழமான கேரக்டர், அவனுக்காக அழுகிற சகுரா மட்டும் எரிச்சலா?

அழுவதைப் பற்றிப் பேசினால் நானா மங்காவின் ஹாச்சியை விட முடியாது. ஆய் யசாவாவின் அந்த மங்கா 2009-லிருந்து பாதியில் நிற்கிறது, ஆனால் ஹாச்சி மேல் உள்ள கோபம் மட்டும் நிற்கவில்லை. ஒட்டிக்கொள்வாள், குழம்புவாள், கர்ப்பமானதும் காதலன் நோபுவை விட்டு டகுமியிடம் போவாள். மனசுக்கு உறுதி இல்லாதவள்தான், சந்தேகமே இல்லை, ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் நமக்குப் புரிகிறது. பலவீனமான ஆளையும் வலுவாக எழுதலாம். நல்லவளாக இருக்கவும் வேண்டியதில்லை: பிரின்சஸ் மோனோனோகே படத்தின் எபோஷி விலைமகளிருக்கும் தொழுநோயாளிகளுக்கும் வேலையும் மரியாதையும் கொடுக்கிறாள், அதே கையால் காட்டின் தெய்வத்தைச் சுடுகிறாள்.

ஃபேன் சர்வீஸ் (ரசிகர்களைக் கவர உடம்பைக் காட்டும் காட்சிகள்) இருந்தாலே கேரக்டர் காலி என்று நான் நினைக்கவில்லை. முக்கியமான நேரத்தில் கேமரா அவள் முகத்தில் இருக்கிறதா வேறெங்காவது இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

கடைசியாக, கிளிப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜுஜுட்சு கைசெனில் நோபாரா, தன்னோடு சண்டை போடும் மோமோவிடம், அழகாக இருக்கும் நானும் எனக்குப் பிடிக்கும், பலமாக இருக்கும் நானும் எனக்குப் பிடிக்கும் என்கிற அர்த்தத்தில் கத்துவாள். பிரமாதமான இடம், எல்லோரும் அதைத்தான் பகிர்கிறார்கள். ஆனால் ஷிபுயா சண்டையில் அடிபட்டு விழுந்தவள் மங்கா முடியும் தறுவாயில்தான் திரும்புகிறாள், நடுவில் ஆண்டுக்கணக்கில் ஆளே இல்லை. மொத்தத் தொடரையும் வைத்துப் பார்த்தால் பாதியில் கைவிடப்பட்ட கேரக்டர் என்றுதான் சொல்வேன். அந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்தவளும் அவள்தான், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.