கைவிடப்பட்ட மட்டக் குதிரையை மீட்டு, தேற்றி, புது இடத்தில் சேர்ப்பது எப்படி?

ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சென்னை மெரினாவிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் சில, முதுமையாலோ நொண்டலாலோ சம்பாதிக்க முடியாமல் போனதும் சாலைக்கு வந்துவிடுகின்றன. அப்படி வந்த ஒன்றைத் தேற்றி இன்னொருவரிடம் ஒப்படைத்த பிறகு, இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். குதிரையின் அருகில் எப்படிப் போவது, கயிறு பிடித்து எப்படி நடத்துவது என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாதவர்கள் முதலில் ஒரு குதிரைக்காரரின் லாயத்தில் சில நாள் கூடமாட வேலை செய்துவிட்டு வாருங்கள்.

மீட்பு என்றாலே வண்டி கொண்டுபோய் ஏற்றிவருவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அரைநாள் வேலை. குதிரை பிழைக்குமா என்பது அதற்குப் பிந்தைய பத்து நாள் தீவனத்தைப் பொறுத்தது. அது மறுபடியும் தெருவுக்கு வருமா என்பது நீங்கள் எழுதி வாங்கும் தாளைப் பொறுத்தது.

படி 1: உரிமையாளர் இருக்கிறாரா என்று பாருங்கள்

சாலையில் நிற்கும் குதிரையெல்லாம் அநாதைக் குதிரை அல்ல. மலையூர்களில் சவாரி முடிந்ததும் குதிரையை மேய அவிழ்த்துவிட்டு, காலையில் தேடிப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆகவே ஓரிரு நாள் தொடர்ந்து கவனியுங்கள். சவாரிக்காரர்களிடம் படத்தைக் காட்டி விசாரியுங்கள். கீழே விழுந்து கிடக்கும் குதிரைக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

சட்டப்படி குதிரை ஒருவரின் உடைமை. கேட்காமல் ஓட்டிவந்தால், அது எலும்பும் தோலுமாக நின்றபோது எட்டிப் பார்க்காத ஆள், சதை பிடித்த பிறகு வந்து திருட்டுப் புகார் கொடுக்க இடமுண்டு. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனால் முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பதால், அதைச் சொல்லி யாரையும் மிரட்ட முடியாது. எனவே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிவிடுங்கள், நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ அதன் நகலுடன் ஒரு கடிதம் கொடுங்கள். வழக்குப் பதிவானால், வழக்கு முடியும்வரை விலங்கை யார் பராமரிப்பது, செலவை யார் ஏற்பது என்பதற்கு 2017இல் வந்த தனி விதிகள் உள்ளன. உரிமையாளர் கிடைத்துவிட்டால், சண்டை போடாமல் அவரிடமே ஒப்படைப்புக் கடிதம் எழுதி வாங்குவதுதான் எல்லாவற்றிலும் எளிய வழி. பெரும்பாலானோர் குதிரைமேல் வெறுப்பால் அதைக் கைவிடுவதில்லை, தீவனச் செலவைத் தாங்க முடியாமல்தான் கைவிடுகிறார்கள்.

இடம், வலம், முன், பின் என நான்கு பக்கமும் நான்கு குளம்புகளையும் படமெடுங்கள். நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழிகளைத் தனியாக எடுங்கள். நிறம் வெயிலிலும் பராமரிப்பிலும் மாறும், வயதை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள், ஆனால் சுழி மாறாது.

படி 2: ஏற்றுவதற்கு முன் மருத்துவர்

தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை பராமரிப்புத் துறையின் நடமாடும் மருத்துவ வண்டியைக் கேட்கலாம். மருத்துவர் வருவதற்குள் நீங்களே மூன்று அளவுகளைக் குறித்துவையுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் வெப்பநிலை 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும் இருக்க வேண்டும். நாடி, கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் கிடைக்கும். வெப்பமானி ஐம்பது வகை விற்கிறது. எனக்குப் பிடித்தது மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானிதான். குதிரைக்கு அதை ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பின்முனையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை வால்மயிரில் துணிக் கிளிப்பால் மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது உள்ளே போய்விடும்.

மூக்கில் கெட்டியான சளி, தோலில் உடைந்து வழியும் கட்டிகள் இரண்டில் எது இருந்தாலும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் எனும் நோய் குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றும். அதற்குத் தடுப்பூசி கிடையாது. 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் அது. இரத்த மாதிரி எடுத்து, அரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உடம்பில் காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். அந்த நோய்க்கு மிக எளிதில் பலியாகும் விலங்கு குதிரை.

படி 3: வண்டி

இதில் சொல்ல அதிகம் இல்லை. 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் மருத்துவச் சான்று, வழுக்காத தளம், குதிரைகளுக்கு இடையே மூங்கில் தடுப்பு ஆகியவற்றைக் கேட்கின்றன. எதிர்வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி தலை இடப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தளத்தில் ஈர மணலைப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போடுங்கள். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். குதிரை ஒரு இழுப்பு இழுத்தால் உங்கள் உள்ளங்கையும் அதன் முகமும் சேர்ந்து அறுபடும். பருத்திக் கயிற்றில் முடிந்த தலைக்கயிறு போதும். வாயில் முள் கடிவாளம் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். முள் வைத்த கடிவாளத்தைப் பயன்படுத்துவதே விதிமீறல்.

படி 4: முதல் பத்து நாள் தீவனம்

என்னை அதிகம் திணறவைத்தது இந்தப் படிதான், ஏனென்றால் இங்கே நம் மனமும் ஊராரும் சொல்வது ஒன்று, குதிரையின் உடம்பு கேட்பது வேறொன்று. விலா எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்ததும் வருகிற முதல் ஆலோசனை, "கொள்ளை வேகவைத்துக் கொடுங்கள்" என்பதுதான். ஊட்டியாக இருந்தால் பை நிறையக் கேரட் வரும். வேறு ஊரில் வெல்லம், ரொட்டி, மீந்த பொங்கல் வரும். இவை எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள், குதிரைக்குக் கொடுக்காதீர்கள்.

காரணம் இது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து உயிர் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் திடீரென்று சேர்ந்தால் இன்சுலின் எகிறுகிறது. அது இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்ததும் இதயமும் மூச்சும் தடுமாறுகின்றன. உணவு கொடுக்கத் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளுக்குள், தேறிவருவதாக எல்லோரும் நினைக்கும் நேரத்தில், குதிரை விழுந்துவிடும்.

இதைத் தவிர்க்கும் முறையைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் பட்டினிக் குதிரைகளில் ஆராய்ந்து வகுத்தார்கள். மாவுச்சத்து குறைவாகவும் புரதம், பாஸ்பரஸ், மெக்னீசியம் போதுமானதாகவும் உள்ள குதிரை மசாலை (லூசர்ன் எனும் தீவனப் பயிர்) மட்டும், மிகச் சிறிய அளவில், அடிக்கடி கொடுப்பதே அந்த முறை. ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 450 கிராம் காய்ந்த குதிரை மசால். பிறகு மெல்ல அளவைக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிலோ அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பத்து நாள் கழித்தே விரும்பியபடி தின்னவிடலாம். இரவு வேளையை விட்டுவிடாதீர்கள். அலாரம் வைத்து எழுந்திருங்கள்.

நம் மட்டக் குதிரைக்கு இந்த அளவு பொருந்தாது, எடைக்கேற்பக் குறைக்க வேண்டும். எடை பார்க்க மேடை தேவையில்லை. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 140, நீளம் 125 என்றால் ஏறத்தாழ 206 கிலோ. தையற்காரரின் நாடா 150 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். பெரிய குதிரையானால் கயிற்றால் சுற்றி, பிறகு கயிற்றை அளந்துகொள்ளுங்கள்.

206 கிலோ குதிரைக்கு மேற்சொன்ன கணக்கில் ஒரு வேளைக்கு வருவது வெறும் 200 கிராம் காய்ந்த தீவனம். பச்சைக் குதிரை மசாலில் நீர் ஐந்தில் நான்கு பங்கு என்பதால், அது ஏறத்தாழ 900 கிராம். பச்சையை ஒரு வேளை நிழலில் வாடவிட்டுக் கொடுத்தால் வயிறு உப்பும் ஆபத்து குறையும். கண்ணளவை நம்பாதீர்கள், மீன்காரர்கள் வைத்திருக்கும் தொங்கு தராசு ஒன்றை வாங்குங்கள். இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே கருவி அதுதான். தண்ணீருக்குக் கணக்கு வேண்டாம், எப்போதும் நிரம்பியிருக்கட்டும். தின்னும் அளவு, சாணம் போட்ட நேரம், நாடி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். சாணம் நின்றாலோ, குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைக் கீறினாலோ, மருத்துவரை அழைக்க விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பிற்சேர்க்கை: தென்மாவட்டங்களில் குதிரை மசால் கிடைப்பதில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பந்தயக் குதிரைகளுக்குத் தீவனம் கொடுக்கும் வியாபாரிகளிடம் காய்ந்த கட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் நல்ல காய்ந்த புல்லையே இதே ஒழுங்கில் கொடுக்கலாம். வைக்கோலில் சத்து மிகக் குறைவு. கோழித் தீவனத்தையும் மாட்டுத் தீவன மூட்டையையும் கொட்டலாமா என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில், கூடாது. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கப்படும் மோனென்சின் மருந்து குதிரைக்கு நஞ்சு.

படி 5: தங்கவைத்தல்

வீட்டில் வேறு குதிரையோ கழுதையோ இருந்தால், புதிய குதிரையை ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள்; வாளி, துடைக்கும் துணி, தூரிகை எல்லாம் தனி. கண்ணுக்கெட்டும் தூரத்தில் இன்னொரு விலங்கு இருப்பது நல்லது, ஏனென்றால் குதிரை கூட்டத்தில் வாழப் பிறந்தது. சுற்றிலும் அரளி இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலுக்கும் சாலை நடுவிலும் நாம் ஆசையாக வளர்க்கும் அந்தச் செடியின் சில இலைகளே குதிரையைக் கொல்லும், காய்ந்த இலையும் அப்படித்தான்.

குடற்புழு மருந்தை வந்த அன்றே கொடுக்க அவசரப்படாதீர்கள். மெலிந்த உடலில் புழுக்கள் மொத்தமாகச் செத்தால் குடல் அடைபடலாம். மருத்துவர் நாள் குறிக்கட்டும். காய்ச்சல் விட்டு விட்டு வந்து கால்கள் வீங்கினால், ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்து வளைந்த குளம்பை ஒரே நாளில் வெட்டித் திருத்தவும் வேண்டாம். மூன்று காலில் நிற்கத் தெம்பு வந்த பிறகு, சில வார இடைவெளிகளில், அனுபவமுள்ள லாடக்காரரைக் கொண்டு திருத்துங்கள். பெண் குதிரையானால் சினையா என்று பார்த்துவிடுங்கள். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். எலும்பு தெரியும் குதிரையின் பெருத்த வயிற்றைப் புழு வயிறு என்று எண்ணிவிடுவது எளிது.

படி 6: புது இடம் தேடுதல்

உடம்பு தேறியதும் கேட்டு வருபவர்கள் பலர். கல்யாண ஊர்வலத்துக்கு, குழந்தை சவாரி செய்ய, பந்தயத்தில் ஓட்ட என்று காரணம் சொல்பவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். இது கடுமையாகத் தோன்றினாலும், அந்த வேலைகள் முடிந்ததும் குதிரை நிற்கப்போகும் இடம் சாலைதான். சுழி பார்ப்பவர்கள் இன்னொரு வகை. ராசியில்லாச் சுழி என்று விலை போகாமல் கைவிடப்படும் குதிரைகள் உண்டு. அதனால் சுழிப் படத்தை முதல் நாளே அனுப்பிவிடுங்கள்; அந்த நம்பிக்கை உள்ளவர் அப்போதே விலகிக்கொள்ளட்டும், வீட்டுக்குக் கொண்டுபோன பின் ஏற்படும் ஒவ்வொரு நட்டத்துக்கும் குதிரைமேல் பழி போட வேண்டாம்.

கேட்பவரின் இடத்துக்கு நேரில் போங்கள். முள்கம்பி இல்லாத வேலி, கோடையில் தண்ணீர், தீவனம் வரும் வழி, அருகில் குதிரை பார்க்கும் மருத்துவர், துணைக்கு வேறு விலங்கு ஆகியவற்றைப் பாருங்கள். ஆண் குதிரையைக் காயடித்த பிறகே கொடுங்கள்; காயடித்த பின்னும் சில வாரங்கள் அது சினைப்படுத்தக்கூடும் என்பதால் பெண் குதிரையோடு சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதுங்கள். விற்கக் கூடாது, பிறருக்குக் கைமாற்றக் கூடாது, வாடகை வேலைக்கு விடக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற ஆறும் அதில் இருக்கட்டும். முதல் மாதம் சோதனைக் காலம் என்று எழுதுங்கள். சுழிப் படங்களை ஒப்பந்தத்தின் இணைப்பாக ஒட்டி, அவற்றின் மீதும் இருவரும் கையெழுத்திடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது நகல், இரத்தப் பரிசோதனை முடிவு, ஊசி போட்ட நாள்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் கொடுங்கள்.

குதிரையோடு இரண்டு வாரத்துக்கான பழைய தீவனத்தையும் அனுப்புங்கள். தீவனம் சட்டென்று மாறினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். புதியதைத் தினமும் சிறிது சேர்த்து, பழையதைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லி, அந்த அளவுகளை ஒரு அட்டையில் எழுதி லாயச் சுவரில் மாட்டிவிட்டு வாருங்கள்.