ஆயில் விளக்கு எரிகிறதா? இன்ஜினைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை முதன்முறையாக ஓட்டுபவரை ஒரு சின்ன விஷயம் ஏமாற்றிவிடும். அந்தக் காரில் ஆயில் பிரஷர் விளக்கு பச்சை நிறம். டைனமோ விளக்குதான் சிவப்பு. ஓடும்போது பச்சை எரிந்தால் எல்லாம் நலம் என்றுதான் மனசு நினைக்கும். உண்மையில் அப்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) சுழலும் பேரிங்குக்கு ஆயில் போதுமான அழுத்தத்தில் போகவில்லை என்று அர்த்தம். வேகமாகப் போகும்போது அது எரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைப்பது. 'இன்னும் கொஞ்ச தூரம்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பு ஆயில் லைட் எரிந்ததைவிடப் பல மடங்கு சேதத்தைச் செய்யும்.

சிவப்பு எரிந்தாலும் அலட்சியம் கூடாது. இந்த இன்ஜினில் குளிர்விக்கும் விசிறி டைனமோவின் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், காற்றும் போகும். காற்று நின்றால் ஆயில் சூடேறி நீர்த்துப்போகும். சற்று நேரத்தில் பச்சையும் எரியும். இதேபோல் காற்றால் குளிரும் இன்ஜின் கொண்ட செவர்லே கோர்வேரில் ஆயில் பிரஷருக்கும் சிலிண்டர் ஹெட்டின் சூட்டுக்கும் சேர்த்து ஒரே விளக்குதான். இப்படிப்பட்ட ஏர்கூல்டு இன்ஜினில் சூடும் பிரஷரும் எவ்வளவு ஒட்டிய விஷயங்கள் என்பது அந்த ஒரு விளக்கிலேயே தெரிகிறது.

பலர் நினைப்பதுபோல் பிரஷரை உண்டாக்குவது பம்ப் அல்ல. பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளி வழியாக அந்த ஆயில் நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருப்பதால்தான் அழுத்தம் உருவாகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீறிடுவது போல. ஆகவே பிரஷர் குறைந்தால் நான்கு காரணங்கள்தான் இருக்க முடியும்: ஆயில் நீர்த்துவிட்டது, இடைவெளி அகன்றுவிட்டது, பம்பிலிருந்து வரும் ஆயில் குறைந்துவிட்டது, அல்லது வழியில் எங்கோ திரும்பி ஒழுகுகிறது. இதில் இடைவெளி அகன்றதற்கு மட்டும்தான் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். ஆனால் நம்மில் பலரும் முதலில் போய் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கிறது.

விளக்கை மீட்டர் என்று நம்புவது

பீட்டிலின் ஆயில் சுவிட்ச் சுமார் 0.15 முதல் 0.45 பார் வரையிலான அழுத்தத்தில், அதாவது 2 முதல் 6 பிஎஸ்ஐக்குள், விளக்கை அணைத்துவிடும். விளக்கு அணைந்திருக்கிறது என்றால் அழுத்தம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இல்லை என்று மட்டுமே பொருள். அதேபோல், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஸ்லோ ஸ்பீடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) விளக்கு லேசாகச் சிமிட்டி, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைந்தால் உடனே பதற வேண்டியதில்லை. பிரஷர் அடிமட்டத்தைத் தொடுகிறது என்ற முன்னறிவிப்பு அது. அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் முன் ஒரு நிமிடச் சோதனை. இக்னிஷனைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது, இத்தனை நாளும் எச்சரிக்கையே இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள். இனி சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். கழற்றிய பிறகும் எரிந்தால் அந்த ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது, இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் ஒரு முறை இதைச் செய்யாமல் இரண்டு நாள் மெனக்கெட்டு இன்ஜினை இறக்கினேன். தின்னில் (குளிர்காற்றை வழிநடத்த இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகடு) மாட்டிக் காப்பு கிழிந்திருந்த ஒயரை இறக்கிய பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜைத் தற்காலிகமாக மாட்டி அளப்பதுதான் சரியான வழி. இங்கேயும் ஒரு பொறி உண்டு. பீட்டில் சுவிட்சின் மரை 10 மி.மீ. மெட்ரிக், நுனி குறுகியது. கடையில் கிடைக்கும் பல கேஜ் முனைகளின் அங்குல மரை இதற்கு மிக நெருக்கமானது, ஆனால் இதுவல்ல. இரண்டு சுற்று ஏறும். அதற்குமேல் ஸ்பானரால் அழுத்தினால் மெக்னீசியக் கலவையில் வார்த்த கிராங்க்கேஸின் மரை கிழியும், சில நேரம் கேஸே விரியும். மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றுவதும் வேண்டாம். சுவிட்சும், மின் கேஜுக்கு அளவை அனுப்பும் சென்டரும் (sender) எர்த் எடுப்பதே மரை வழியாகத்தான். டேப்பின் துணுக்கு ஒன்று ஆயில் வழிக்குள் போய்விட்டால் அது தனிக் கதை.

குளிர்ந்த இன்ஜினில் அளந்து திருப்திப்படுவது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் எந்தக் கிழட்டு இன்ஜினும் நல்ல பிரஷர் காட்டும். ஃபோக்ஸ்வாகனின் கணக்கு, எஸ்ஏஇ 30 கனமுள்ள ஆயில், 70 டிகிரி செல்சியஸ், 2500 ஆர்பிஎம் என்ற நிலைக்கானது. அங்கே சுமார் 42 பிஎஸ்ஐ இருக்க வேண்டும், 28க்குக் கீழே போனால் தேய்மானம் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்று மெக்கானிக்குகள் சொல்லும் வாய்க்கணக்கும் ஏறத்தாழ இதனோடு ஒத்துப்போகிறது. ஆயிலின் சூட்டைச் சொல்லாமல் பிரஷரை மட்டும் சொல்வது பாதித் தகவல். என்னைக் கேட்டால், இந்த வண்டிகளில் பிரஷர் கேஜைவிட முதலில் மாட்ட வேண்டியது ஆயில் டெம்பரேச்சர் கேஜ்.

கெட்டியான ஆயிலை ஊற்றுவது

இதுதான் எல்லாரும் முதலில் செய்யும் வைத்தியம். கேஜ் முள் உயரும், மனசும் ஆறும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பம்பிலிருந்து வரும் ஆயில் நேராக பேரிங்குக்குப் போவதில்லை. ஆயில் கூலர் வழியாகச் சுற்றிப் போகும். குளிர்ந்த கெட்டி ஆயிலின் முழு அழுத்தமும் கூலரின் மெல்லிய குழாய்களில் விழுந்தால் அது வெடித்துவிடும் என்பதால், பம்ப் பக்கத்தில் ஒரு ரிலீஃப் வால்வு உண்டு. ஒரு பிஸ்டனும் ஒரு ஸ்பிரிங்கும்தான் அது. ஆயில் கெட்டியாக இருக்கும்வரை அது திறந்து, கூலரைச் சுற்றிக்கொண்டு ஆயிலைக் குறுக்கு வழியில் அனுப்பும். ஆயில் சூடாகி இளகினால் வால்வு மூடி, கூலர் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

இப்போது தேவைக்கு மீறிய கெட்டி ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்? வால்வு மூட வேண்டிய நேரத்திலும் திறந்தே இருக்கும். ஆயிலில் ஒரு பகுதி குளிராமலேயே சுற்றிவரும். பிரஷர் குறைகிறதே என்று ஊற்றிய ஆயில், இன்ஜினை இன்னும் சூடாக்குகிறது. சூடாகி நீர்த்ததும் பிரஷர் பழையபடி விழுகிறது. போதாததற்கு, கெட்டி ஆயில் பேரிங் வழியாக மெதுவாகவே பாயும். இந்த இன்ஜின்களில் பேரிங்கின் சூட்டை எடுத்துச் செல்வதே பாயும் ஆயில்தான். முள் உயரமாக நிற்கும், ஆயிலோ குறைவாக ஓடும். 'ஆயில் ட்ரீட்மென்ட்' என்று பாட்டிலில் விற்கும் கெட்டிப்படுத்தும் சரக்குக்கும் இதே கதைதான். கையேடு சொல்லும் கனம், வெயில் காலத்தில் நல்ல 20டபிள்யூ-50, அதற்குமேல் வேண்டாம்.

ஸ்பிரிங்கை இழுத்துவிடுவது

ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றி நீட்டிவிட்டால், அல்லது அடியில் வாஷர் போட்டால் பிரஷர் கூடும் என்று ஒரு நம்பிக்கை. வால்வு ஒழுங்காக மூடும் இன்ஜினில் அந்த ஸ்பிரிங் தீர்மானிப்பது அதிகபட்ச அழுத்தத்தை மட்டுமே. சூடான ஸ்லோ ஸ்பீடில் வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவின் தாழ்ப்பாளைக் கெட்டியாக்கி என்ன பயன்? லாபமில்லை, நஷ்டம் உண்டு: காலைக் குளிரில் வால்வு திறக்க மறுத்து, கூலரின் ரப்பர் சீல்கள் பிய்ந்து, அடித்தகட்டில் ஆயில் ஆறாக ஓடும்.

பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை அல்ல, பிஸ்டனை. சின்னக் கீறலோ ஒரு துளி அழுக்கோ போதும், அது துளையில் சிக்கிக்கொள்ளும். திறந்தபடி சிக்கினால் சூடான பிறகு பிரஷர் விழும். மூடியபடி சிக்கினால் குளிர் ஸ்டார்ட்டில் கூலர் ஒழுகும். கூலர் திரும்பத் திரும்ப ஒழுகினால், புதுக் கூலர் வாங்கும் முன் பிஸ்டனைக் கழற்றிப் பாருங்கள். அது விரலால் தள்ளினால் வழுக்கிப் போய்வர வேண்டும். பிசிறு இருந்தால் மிக மென்மையான தாளால் பிஸ்டனை மட்டும் தேய்க்கலாம். முரட்டு எமரியைத் துளைக்குள் விட்டால் அந்த ஒழுக்கை நிரந்தரமாக்கிவிடுவீர்கள்.

1970 மாடலிலிருந்து இப்படி இரண்டு வால்வுகள். புல்லி பக்கத்தில் ஒன்று, ஃபிளைவீல் பக்கத்தில் இன்னொன்று. ஸ்பிரிங்குகள் ஒரே நீளம் அல்ல. இரண்டையும் ஒன்றாகக் கழற்றி ஒரே தட்டில் போட்டுவிட்டு, பிறகு எது எங்கே என்று விழிப்பதைவிட ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

பெரிய பம்ப் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நினைப்பது

30 மி.மீ. பல்சக்கரம் வைத்த பெரிய பம்பைப் போட்டால் ஆயில் கூடுதலாக வரும், உண்மைதான். ஆனால் பேரிங் தேய்ந்த இன்ஜினில் அது ஓட்டைப் பானையில் வேகமாகத் தண்ணீர் ஊற்றும் வேலை. இந்த இன்ஜினின் மொத்த ஆயிலே இரண்டரை லிட்டர். அதிவேகத்தில் பெரிய பம்ப் ஆயிலை ஹெட்டுகளுக்கு ஏற்றிவிடும், அது இறங்கி வருவதற்குள் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் இடம்) வறண்டு பம்ப் காற்றை உறிஞ்சும். நீண்ட வளைவில் விளக்கு பளிச்சென்று எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய பம்பையே முதலில் அளந்து பாருங்கள். மூடியைக் கழற்றி, பல்சக்கரங்களின் மேல் ஒரு நேர்கோலை வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டால், இடைவெளி 0.1 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. மூடியில் வட்டமாகத் தேய்ந்த தடம் இருந்தால் கண்ணாடி மேல் தாள் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பக்கத்தில் கிடந்த கெட்டி கேஸ்கெட்டை வெட்டிப் போட்டால் அத்தனை உழைப்பும் வீண். அந்த கேஸ்கெட்டின் கனம் அப்படியே அந்த இடைவெளியோடு சேரும். சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசுவோரும் உண்டு. வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுவார்கள், உள்ளே பிதுங்கியது ஆயிலை வடிகட்டும் சல்லடையில் போய் உட்காரும்.

இன்னொன்று: 1971இல் கேம்ஷாஃப்ட் பல்சக்கரத்தின் வடிவம் மாறியது, அதோடு பம்பும் மாறியது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பழையதற்குப் புதியதை மாட்டினால் உரசும் அல்லது பொருத்தம் தவறும். பொருத்தம் தவறினால் நாள் முழுக்கத் தேடினாலும் பிரஷர் எங்கே போகிறது என்று பிடிபடாது.

முகர்ந்து பார்க்க மறப்பது

ஆயில் அளவு குறைந்தால் எல்லாருக்கும் பயம். கூடினால் யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலோ, கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி அடைக்காமல் விட்டாலோ பெட்ரோல் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மட்டம் ஏறும், ஆயில் தண்ணீராகும், பிரஷர் விழும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனாலே தெரிந்துவிடும். வாடை வந்தால் அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள். கசிவைச் சரிசெய்து, ஆயிலை மாற்றி, பிறகு பிரஷரை அளந்தால் பாதிப் பேருக்கு நோயே இருக்காது.

டிப்ஸ்டிக் பார்ப்பதிலும் வண்டிக்கு வண்டி முறை வேறு. பீட்டிலில் சமதளத்தில் நிறுத்தி, அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். டிரை சம்ப் வைத்த, அதாவது ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும், பழைய போர்ஷே 911இல் இன்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அதை அணைத்துவிட்டுப் பார்த்து, குறைகிறதே என்று ஊற்றினால் ஆயில் ஏர் ஃபில்டர் வழியாக வழியும்.

சூட்டுக்கு வெளிக் காரணங்களையும் பார்த்துவிடுங்கள்: கழற்றிவைத்த தின்கள், கிழிந்த இன்ஜின் பே ரப்பர், விசிறிக் கூட்டுக்குள் எலி கட்டிய கூடு, தூசியடைத்த கூலர் துடுப்புகள். அழகுக்காகத் தின்களைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம்தான் வருகிறது.

உலர்ந்த பம்போடு ஸ்டார்ட் செய்வது

மாதக்கணக்கில் நின்ற வண்டியிலும், புதிதாகக் கட்டிய இன்ஜினிலும் பம்பில் ஆயில் இருக்காது. காய்ந்த பல்சக்கரம் உறிஞ்சாது. பம்பைப் பூட்டும்போதே பல்சக்கரங்களுக்கு நடுவில் பெட்ரோலியம் ஜெல்லியை நிரப்புங்கள். சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், அது ஆயிலில் கரையாமல் வழியை அடைக்கும். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அதன்பின்தான் பிளக் மாட்டி ஸ்டார்ட்.

சம்ப் சல்லடையின் நட்டுகளைப் பற்றி ஒரு வரி: அவை 7 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். ஒழுகுகிறதே என்று முறுக்கினால் ஸ்டட் கையோடு வரும்.

எப்போது பிரிக்க வேண்டும்

இவையெல்லாம் சரியாக இருந்து, சூடான ஆயிலில் 2500 ஆர்பிஎம்மில் 28 பிஎஸ்ஐகூட எட்டாவிட்டால், புல்லியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடுவது எண்ட் பிளே, 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம். அது கூடினால் தனிக் கோளாறு, பிரஷர் குறைவுக்கு அதையே காரணமாக்க முடியாது. புல்லி மேலும் கீழும் ஆடினால்தான் மெயின் பேரிங் போயிருக்கிறது. சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு தெரியும். அது பேரிங் உலோகம்.

அப்போதும் புதுப் பேரிங் வாங்கிப் போட்டு மூடிவிடாதீர்கள். மெக்னீசியக் கேஸில் நடு மெயின் பேரிங் உட்காரும் இருக்கை, கிராங்க் அடித்து அடித்து நீள்வட்டமாகியிருக்கும். அதில் புதுப் பேரிங்கும் தளர்வாகவே உட்காரும், அதன் முதுகுப் பக்கமாகவே ஆயில் ஒழுகும். இருக்கைகளை ஒரே கோட்டில் மறுபடி துளைத்து, வெளி விட்டம் கூடிய பேரிங்கைப் போட வேண்டும். கேஸ் அதற்கும் இடம் கொடுக்காத அளவுக்கு ஏற்கெனவே துளைக்கப்பட்டிருந்தால், வேறு கேஸ் தேட வேண்டியதுதான்.